ஏரிக்கு ஆயிரம் வருஷம், சுரங்கத்துக்கு நூற்றிருபது

சூரிய மின்சாரம், மறுசுழற்சி, உடற்பயிற்சிக் கடிகாரம் என்று நாம் கொண்டாடும் புதுமைகளுக்கெல்லாம் கோலார் தங்கவயல் பக்கத்தில் ஒரு பழைய முகவரி இருக்கிறது. அவை எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு விடையும் அங்கேதான்.

ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு மந்திரச் சொல் உண்டு. நேரு காலத்தில் அது 'திட்டம்'. தொண்ணூறுகளில் 'தாராளமயம்'. இப்போது 'சஸ்டெயினபிள்'. சோப்பிலிருந்து சிமென்ட் வரை எதை வாங்கினாலும் அட்டையில் ஒரு பச்சை இலை அச்சாகியிருக்கிறது. விமான கம்பெனிகூடத் தன்னை இயற்கையின் நண்பன் என்று சொல்லிக்கொள்கிறது.

மொழிபெயர்த்துப் பிழைப்பவர்களுக்கு இந்தச் சொல் ஒரு தலைவலி. 'நீடித்த', 'நிலைத்த', 'நீடிக்கவல்ல', 'வளங்குன்றா' என்று நாலைந்து தமிழ்ச் சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. ஆனால் இந்தத் தமிழ்ச் சொற்களில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. 'நீடித்த' என்று எழுதியதுமே, 'எத்தனை நாள்?' என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது. பச்சை இலை ஒட்டிய பொருள்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கத் தோதான ஊர் பேத்தமங்களா. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், தங்கவயலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பாலாற்றின்மேல் இருக்கும் சிற்றூர். ஆந்திர எல்லையும் தமிழக எல்லையும் பக்கம். ஒரே டீக்கடையில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் காதில் விழும். ஊருக்குப் பெருமை அதன் ஏரி. பெரிய ஊர்களில் இன்று கருத்தரங்கு நடத்திப் பேசும் விஷயங்கள் பலவும் இந்த ஏரியையும் பக்கத்துத் தங்கச் சுரங்கத்தையும் சுற்றி ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டன. சில நல்லபடியாக. சில அப்படி இல்லை.

உடைந்த கரை, மறுபடி எழுந்த கரை

பழைய கல்வெட்டுகளில் இந்த ஊரின் பெயர் விஜயாதித்தமங்கலம். பாண மன்னன் ஒருவனின் பெயரால் வந்தது என்பார்கள். பத்தாம் நூற்றாண்டில் நொளம்ப அரசர் காலத்தில் ஏரியைச் செப்பனிட்ட செய்தி இருக்கிறது. பின்னர் ஹொய்சளர் காலத்திலும் வேலை நடந்திருக்கிறது. ஏரியை வெட்டியவனைவிட, உடைந்த ஏரியைக் கட்டியவனைத்தான் கல்வெட்டு அதிகம் பாராட்டுகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஆயிரம் வருஷம் ஒரு மண்கரை தானாக நிற்காது. ஒவ்வொரு தலைமுறையும் தூர் வாரி, மதகைச் சரிசெய்து, வரத்துக்காலை ஒழுங்குபடுத்தித்தான் அது நின்றது.

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. இருப்பவை ஏரிகள்; அதுவும் ஆயிரக்கணக்கில். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். இந்தப் பக்கத்துத் தமிழில் அதற்கு 'ஏரி கோடி போகிறது' என்று பெயர். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று தீர்மானித்து மதகைத் திறந்து மூட நீர்கண்டி என்று ஓர் ஆள் இருந்தார். ஊர் அவருக்குத் தானியம் கொடுத்தது. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாத நீர் மேலாண்மை. பொற்காலம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. நிலம் உள்ளவனுக்குத்தான் தண்ணீரில் பங்கு. சேரிக்குத் தனிக் கிணறு. என்றாலும் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரிக்குப் புது எஜமானர் வந்தார். 1880-லிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தங்கவயலில் சுரங்கங்களை நடத்திவந்தது. பெருகிக்கொண்டே போன ஜனத்துக்குக் குடிநீர் வேண்டும். தாது அரைக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் வேண்டும். பேத்தமங்களாவில் நீரேற்று நிலையம் வந்தது. நெல்லுக்குப் பாய்ந்த ஏரி, தங்கத்துக்கும் பாய ஆரம்பித்தது.

பாலாறு இங்கே நிற்கும் ஆறு அல்ல. சிந்தாமணிப் பக்கத்தில் பிறந்து, கோலார் ஏரிகளை நிரப்பி, சித்தூர் மாவட்டத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, பிறகு 222 கிலோமீட்டர் தமிழகத்தில் போய் வாயலூரில் கடலைத் தொடுகிறது. எனவே மேலே நடப்பது கீழே எதிரொலிக்கும். 1892-ல் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாற்றின் பெயரும் இருக்கிறது. கீழே உள்ளவனின் சம்மதம் இல்லாமல் மேலே உள்ளவன் புதிய பாசனத் தேக்கம் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். சூழலியல் என்ற சொல் தமிழுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு நதியின் சூழலைக் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டார்கள்.

காகிதத்தை நதி படிப்பதில்லை. 1903 நவம்பரில் மைசூர்ச் சீமையில் கொட்டிய மழையில் ஏரிகள் வரிசையாக உடைந்தன. வெள்ளம் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. சுமார் இருநூறு பேர் மாண்டார்கள் என்பது வழக்கு. அவர்கள் நினைவாக எழுப்பிய தூண் அந்த ஊரில் இருக்கிறது. பிறகு பல பத்தாண்டுகள் வறண்டு கிடந்த அதே ஆற்றில் 2021 நவம்பரில் மறுபடி வெள்ளம். கோலார் ஏரிகள் நிரம்பின. பேத்தமங்களாவில் ஏரி கோடி போவதை ஜனங்கள் திருவிழாக் கூட்டம்போல் போய்ப் பார்த்தார்கள். வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. 1903-க்குப் பிறகு இதுதான் பெரிய வெள்ளம் என்று அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். நூற்றுப் பதினெட்டு வருஷத்தில் மதகும் கரையும் வரத்துக்காலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஒரே ராத்திரியில் பரீட்சை வைத்துப் பார்த்தது மழை.

நகரத்துச் சாக்கடை, கிராமத்து ஏரி

அந்த மழைக்கு முன்பே கோலார் ஏரிகளுக்கு வேறொரு தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. பெங்களூரின் கழிவுநீர். கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்று பெயர், சுருக்கமாக 'கே.சி. வேலி'. நகரத்தின் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தினமும் 44 கோடி லிட்டர் வரை குழாயில் அனுப்பி, கோலார் மாவட்டத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்புவது நோக்கம். 2018 ஜூனில் முதல் தண்ணீர் லட்சுமிசாகரம் ஏரிக்கு வந்தது. அடுத்த மாதமே ஏரியில் நுரை பொங்கியது. விவகாரம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியும் ஈரம் காணாத பூமி இது. ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட கிராமங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஏரி நிரம்பினால் கிணற்றில் நீர் ஊறுகிறது, தக்காளித் தோட்டம் பிழைக்கிறது. விவசாயிக்கு அது வரம்தான். மறுபக்கம், இரண்டு கட்டச் சுத்திகரிப்பு மட்டும் போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். உலோகக் கழிவும் ரசாயனமும் மண்ணுக்குள் இறங்கினால் அதைத் திரும்ப எடுக்க எந்தக் குழாயும் கிடையாது என்பது அவர்கள் வாதம்.

சிங்கப்பூரில் கழிவுநீரைக் குடிநீர்த் தரத்துக்குச் சுத்தம் செய்து 'நியூவாட்டர்' என்று பெயர் வைத்து 2003-லிருந்து விநியோகிக்கிறார்கள். அங்கே தண்ணீரை முதலில் குடித்துக் காட்டியவர்கள் பிரதமரும் மந்திரிகளும். இங்கே நகரம் குடித்துவிட்டு அனுப்புகிறது, கிராமம் வாங்கிக்கொள்கிறது. சுத்திகரிப்பின் தரம் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. யார் வாயில் முதலில் படுகிறது என்பதும் வித்தியாசம்.

பெங்களூருக்கு முன்பே வந்த மின்சாரம்

தங்கவயலுக்கு 1902-ல் மின்சாரம் வந்தது. காவிரியில் சிவனசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அத்தனை தூரம் மின்சாரத்தைக் கடத்தியது அந்தக் காலத்தில் உலக அதிசயம். திவான் சேஷாத்ரி அய்யர் உயிரோடு இருந்தபோது தொடங்கிய வேலை. முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். தலைநகரத்தைவிட மூன்று வருஷம் முந்திக்கொண்டது தங்கவயல்.

இன்றைய பாஷையில் சொன்னால் அது 'புதுப்பிக்கத்தக்க' மின்சாரம். புகை இல்லை. அதற்கு முன்னால் விறகையும் நிலக்கரியையும் தின்றுகொண்டிருந்த நீராவி எந்திரங்கள் ஓய்ந்தன. எந்தச் சுற்றுச்சூழல் மாநாட்டிலும் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அந்த மின்சாரம் வந்தது ஆட்களை இறக்கி ஏற்றும் வின்ச்சுக்கும், தாது இடிக்கும் ஆலைக்கும். தொழிலாளிக்காக அல்ல. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், மூங்கில் தட்டி மறைத்த லைன் வீடுகளில் இருந்தார்கள். சுரங்கம் ஆழமாகப் போகப் போக, கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே தொட்டால் சுடும் வெக்கையில் வேலை செய்தார்கள். மேலே வந்தவர்களில் பலருக்கு நுரையீரலில் சிலிகோசிஸ்.

தொழில்நுட்பம் தொழிலாளியைத் தேடி வந்த சந்தர்ப்பமும் உண்டு. 1930-ல் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிந்துவைக்கக் கம்பெனி முடிவு செய்தது. திருடனுக்கு எடுப்பதை எங்களுக்கு எடுப்பதா என்று தங்கவயல் கொதித்தது. பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ரேஷன் கடையிலும் பாங்கிலும் இன்று கட்டை விரலை வைக்கிறவர்கள் அந்த வேலைநிறுத்தத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். கருவி குற்றம் இல்லை. அதை யார், யார்மேல், யாரைக் கேட்டு வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நூறு வருஷம் கழித்து அதே சுற்றுவட்டாரத்தில் இன்னொரு முதல். பங்காருபேட்டை தாலுகாவில் ஏளேசந்திரா கிராமத்தில் 3 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2009 கடைசியில் இயங்க ஆரம்பித்தது. மெகாவாட் அளவில் மின்தொகுப்போடு இணைந்த சூரிய நிலையங்களில் நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று. இந்த முறை மின்சாரம் விவசாயிகளின் பம்புசெட்டுக்கு என்று சொல்லியே கட்டினார்கள். நல்ல மாற்றம்தான்.

இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சூரியன் பில் அனுப்புவதில்லை. வெயில் இருக்கும்வரை பம்பு ஓடலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கோலார் பகுதியை அளவுக்கு மீறி நீர் எடுத்த பகுதி என்று வகைப்படுத்தி வெகுநாளாகிறது. மின்வெட்டு இருந்தபோது தண்ணீர் தப்பித்தது. தடையில்லா மின்சாரம் வந்தால் தண்ணீர் தாங்குமா? ஒரு வளத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட கருவி இன்னொரு வளத்தைக் காலி செய்துவிடக் கூடாது. இதற்கு மருந்து இன்னொரு கருவி அல்ல. எந்தப் பயிருக்கு எத்தனை தண்ணீர் என்று ஊர் கூடி முடிவு செய்வதுதான். பழைய நீர்கண்டியின் வேலை.

ராகி விஷயம் இதற்கு நல்ல உதாரணம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு ராகி பிஸ்கட், ராகி நூடுல்ஸ், ராகி தோசை மாவு என்று பெரிய ஊர்க் கடைகள் நிரம்பிவிட்டன. கோலார் மண்ணில் ராகி நாகரிகம் அல்ல, வயிறு. மானாவாரியில் விளையும் பயிர். களி உருண்டையும் கீரைக் குழம்பும் சுரங்கத் தொழிலாளியின் சாப்பாடும்கூட. நகரத்தில் ராகி பாக்கெட்டின் விலை ஏறியிருக்கிறது. அதில் எத்தனை பைசா விதைத்தவன் கைக்குப் போகிறது என்று பாக்கெட்டில் போடுவதில்லை.

செல்போனுக்குள் ஒரு சுரங்கம்

1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் தங்கச் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28-ல் கதவைச் சாத்தினார்கள். நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிருந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் தாதுவில் 45 கிராம்போலக் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் 3 கிராமுக்கு இறங்கிவிட்டது. தோண்டும் செலவுக்குக் கட்டவில்லை.

இப்போது இன்னொரு கணக்கு. ஒரு டன் பழைய செல்போன்களை உடைத்தால் அதில் சுமார் 300 கிராம் தங்கம் கிடைக்கும் என்கிறார்கள் நிபுணர்கள். தங்கவயலின் கடைசிக் காலத் தாதுவைவிட நூறு மடங்கு செழிப்பு. மேஜை டிராயரில் தூங்கும் பழைய நோக்கியாக்களைச் சேர்த்தால் ஒரு சாம்பியன் ரீஃப்! 2020 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஜப்பான்காரர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். இரண்டு வருஷத்தில் 62 லட்சம் செல்போன்கள் உட்பட சுமார் 79,000 டன் பழைய மின்னணுச் சாமான்களை மக்களிடமிருந்து சேகரித்து, 32 கிலோ தங்கம் பிரித்தெடுத்தார்கள். சுமார் 5,000 பதக்கங்களும் அந்த உலோகத்தில் செய்தவை. கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளி, 2021 ஆகஸ்ட் 7-ல் ஈட்டி எறிந்து நீரஜ் சோப்ரா வாங்கிய பதக்கத்தில் முலாமாக ஒட்டியிருக்கும் ஆறு கிராம் தங்கம் ஏதோ ஒரு ஜப்பானியப் பாட்டியின் பழைய போனிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

கேட்க இனிக்கும் கதை. இந்தக் கதையின் மறுபாதியைத் தங்கவயலில் போய்ப் பார்க்க வேண்டும். தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கலந்து, மிச்சத்தைக் கொட்டிக் குவித்த 'சயனைடு மலைகள்' ஊரைச் சுற்றி நிற்கின்றன. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பீடு. ஆனி, ஆடிக் காற்றில் அந்தத் தூசி லைன் வீடுகளுக்குள் வருகிறது. 2018-ல் வெளியான 'கே.ஜி.எஃப்.' படம் அந்த மலைகளில் எடுத்தது. படம் பார்த்தவர்களுக்கு அது பிரமாண்டமான களம். குடியிருப்பவர்களுக்கு இருமல். அந்தக் குவியல்களில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை மறுபடி பிரித்தெடுக்க 13 குவியல்களை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை 2024 ஜூனில் சம்மதம் தெரிவித்தது. கழிவிலிருந்து செல்வம்! கூடவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. தூசி எங்கே போகும்? வேலை யாருக்கு?

செல்போன் சுரங்கத்திலும் இதே கேள்விகள்தான். 2022-ல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை போட்டது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22 சதவீதம். மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களின் சந்துகளுக்குப் போகிறது. அங்கே பலகைகளைத் தீயில் வாட்டி, அமிலத்தில் முக்கித் தங்கம் எடுக்கிறார்கள், கையுறைகூடக் கிடையாது. தயாரித்த கம்பெனியே குப்பைக்குப் பொறுப்பு என்று சொல்லும் புதிய விதிகள் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்திருக்கின்றன. ஜான் டெய்லர் காலத்தில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் தங்கவயலில் அந்த மலைகள் இருந்திருக்காது.

பாலாற்றின் கீழ்ப்பகுதியும் இதே பாடத்தைப் படித்த பூமிதான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே சரிசெய்யும் செலவையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு அஸ்திவாரமான தீர்ப்பு. தோல் விற்ற லாபம் வெளிநாட்டுச் செருப்புக் கடைகளோடு பங்கு போனது. உப்புத் தண்ணீர் மட்டும் உள்ளூர்க் கிணறுகளிலேயே தங்கிவிட்டது.

பத்தாயிரம் அடிகள்

விளையாட்டுக்கு வருவோம். டோக்கியோ என்றதும் கோலார் ஞாபகம் வருவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அரையிறுதி வரை போன இந்திய அணியில் ஓடியவர்களில் ஒருவர் கென்னத் பவல். கோலார் மண்ணில் பிறந்தவர். 1965-ல் அர்ஜுனா விருது வாங்கினார். 2022 டிசம்பரில் காலமானார். செயற்கைத் தளமும், தசை அசைவை அளக்கும் கருவியும் இல்லாத நாளில் மண் தடத்தில் ஓடிப் பழகிய தலைமுறை அது.

அதே டோக்கியோ ஒலிம்பிக்ஸின் சூட்டில்தான் இன்று எல்லார் மணிக்கட்டிலும் இருக்கும் 'பத்தாயிரம் அடி' பிறந்தது. 1965-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி நடையை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து அதற்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். வாயில் நுழைய வசதியான எண், விளம்பரத்துக்கு ஏற்ற எண். டாக்டர்கள் ஆராய்ந்து சொன்ன எண் இல்லை. 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வு, சுமார் 7,500 அடிக்குமேல் நடப்பதால் ஆயுளுக்குக் கூடுதல் லாபம் இல்லை என்று சொன்னது. அதற்குக் குறைவாக நடப்பவர்களும் ஓரளவு பலன் பெறுகிறார்கள். ஆனாலும் பெங்களூர் அபார்ட்மென்ட்டுகளில் ராத்திரி பதினோரு மணிக்கு மிச்ச நானூறு அடியை முடிக்க மொட்டைமாடியில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கவயல்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. சுரங்கம் மூடிய பிறகு வேலைக்குப் போக்கிடம் பெங்களூர்தான். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி, நூறு கிலோமீட்டர் போய், பல நேரம் நின்றபடியே போய், ராத்திரி திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். ஸ்டேஷனுக்கு நடை, ஸ்டேஷனிலிருந்து நடை, வேலையில் நிற்பது. கடிகாரம் கட்டினால் பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு யாரும் மெடல் கொடுப்பதில்லை. பெட்ரோல் எரிக்காமல் கூட்டமாகப் பயணம் செய்வதால் சுற்றுச்சூழலுக்கு அவர்கள் செய்யும் சேவையும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

விளையாட்டு அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் கிளப்பும் கோல்ஃபும் இருந்தன. தொழிலாளர் பிள்ளைகளுக்கு லைன்களை ஒட்டிய புழுதி மைதானங்களில் ஃபுட்பாலும் ஹாக்கியும். மைதானம், ஆஸ்பத்திரி, குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் கம்பெனி கொடுத்தவை. வசதிதான். ஆனால் ஊர் கட்டியவை அல்ல. கம்பெனி போனபோது பார்த்துக்கொள்ள ஆளும் போய்விட்டது. 2011 கணக்குப்படி ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் வாழும் நகரம், தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசை வைத்தது. காலடியில் பல கிலோமீட்டர் சுரங்கம் முழுக்க நீர் நிரம்பிக் கிடக்கிறது, பம்பு நின்றுவிட்டதால். குடிக்க உதவாத தண்ணீர்.

யார் தூர் வாருவது?

ஏரியும் சுரங்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒப்பிடுவது சுலபம். சுரங்கத்தில் அந்தந்தக் காலத்தின் மிக உயர்ந்த தொழில்நுட்பம் இருந்தது. ஆசியாவே வியந்த மின்சாரம், உலகிலேயே ஆழமான குழிகளில் ஒன்று. ஏரியில் இருந்தது மண்ணும் கல்லும். நூற்றிருபது வருஷத்தில் ஒன்று முடிந்தது. மற்றது உடைந்து உடைந்து எழுந்து ஆயிரம் வருஷமாக இருக்கிறது. தங்கம் தீரும், மழை திரும்ப வரும் என்பது ஒரு காரணம். போன பிறகு மிஞ்சுவதைப் பார்த்துக்கொள்வது யார் என்ற ஏற்பாடு ஒன்றில் இருந்தது, இன்னொன்றில் இல்லை என்பது மற்றொரு காரணம்.

புதிய திட்டங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கோலார் வரை தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லும் எத்தினஹொளே திட்டத்தின் முதல் கட்டத்தை 2024 செப்டம்பரில் தொடங்கிவைத்தார்கள். வரட்டும். வரும் தண்ணீர் தங்க வேண்டிய இடம் பழைய ஏரிதானே? ஏரியில் பாதி வண்டலும், வரத்துக்காலில் பாதி வீட்டு மனையும் இருந்தால் சகலேஷ்பூரிலிருந்து வந்த தண்ணீர் எங்கே நிற்கும்?

எனவே அடுத்த முறை பச்சை இலை ஒட்டிய எதை வாங்கும்போதும் அதன் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பதோடு இரண்டு கேள்வி கேட்கலாம். இது பழுதானால் யார் சரிசெய்வார்கள்? இது தீர்ந்தபின் மிச்சம் யார் வாசலில் விழும்? போனுக்கும் பொருந்தும், சூரியத் தகட்டுக்கும் பொருந்தும், ஒலிம்பிக்ஸ் மைதானத்துக்கும் பொருந்தும். விடை சொல்ல முடியாத பொருளில் எத்தனை இலை ஒட்டியிருந்தாலும் அது இன்னொரு சயனைடு மலைக்கு முதல் கூடை மண்தான்.

பேத்தமங்களாவில் அடுத்த மழைக்கும் ஏரி கோடி போகலாம். ஜனங்கள் பூஜை போடுவார்கள், பிள்ளைகள் செல்போனில் படம் எடுப்பார்கள், வாணியம்பாடியில் உள்ளவர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் யாராவது மதகை ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.